மூட்டை சுட்டால், மூடி வியர்த்தால்: யாங்கோன் வீட்டு அவசரக் கையிருப்பில் பழுது நீக்கும் வழிகள்

நர்கிஸ் புயல் கரையேறியது 2008 மே 2. மோக்கா புயல் வந்தது 2023 மே 14. யாகி புயலின் மிச்ச மழை மியான்மாரின் நடுப்பகுதியை வெள்ளக்காடாக்கியது 2024 செப்டம்பர். சகாயிங் நிலநடுக்கம் 2025 மார்ச் 28. மாதங்களைக் கவனியுங்கள். இரண்டு மழைக்கு முன், ஒன்று மழைக்குள், ஒன்று சுடுவெயிலில். அதனால் கையிருப்பு வருஷம் முழுக்கக் கெடாமல் நிற்க வேண்டும். ஆனால் அதைக் காயவைத்து மூடுவதற்கு வானம் நமக்கு விடுவது மாசி, பங்குனி இரண்டு மாதம்தான். பர்மியப் புத்தாண்டான தீஞ்சானின் தண்ணீர் தெருவில் விழுவதற்குள் டப்பாக்கள் மூடியிருக்க வேண்டும். அதன்பின் ஐப்பசி வரை திறக்கும் ஒவ்வொரு மூடியும் மழைக்காற்றை உள்ளே விடுகிறது.

கீழே அறிகுறி வாரியாகப் பார்க்கலாம். எந்தப் பழுதானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஈரம் எப்போது, எந்த வழியாக உள்ளே போனது? அதைக் கண்டுபிடிக்காமல் வண்டைப் புடைத்து எறிவதும் வெயிலில் காயப்போடுவதும் அடுத்த மாதமே திரும்பச் செய்ய வேண்டிய வேலையாகிவிடும்.

அளவைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. இங்கே அரிசி அளப்பது டின்பால் வந்த காலி டின்னில், அதுதான் பால்டின்: 8 பால்டின் ஒரு பிய், 24 பிய் ஒரு மூட்டை. மூட்டை 49 கிலோ போல வரும். ஒரு பால்டின் அரிசி கால் கிலோவுக்குச் சற்றே கூட. பெரியவர் மூவர், பிள்ளைகள் இருவர் உள்ள வீட்டுக்கு நாளைக்கு 6 பால்டின் வைத்தால் இரண்டு வாரத்துக்கு 84 பால்டின், அதாவது 10½ பிய். அதோடு பருப்பு 2 பெய்த்தா, எண்ணெய் 1 பெய்த்தா (பெய்த்தா என்பது 1.6 கிலோ போல). முழு மூட்டை தேவையே இல்லை. பல வீடுகளில் ஒரு மூட்டையை வாங்கி அடுப்படி மூலையில் சாய்த்துவைப்பதையே கையிருப்பு என்கிறார்கள். பழுதுகளில் பாதி அந்த மூலையில்தான் தொடங்குகிறது.

மூட்டைக்குள் கை விட்டால் சூடு. அரிசி கட்டி கட்டியாக இருக்கிறது

முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். நடுவில் உள்ள அரிசி மேலே உள்ளதைவிட வெதுவெதுப்பாக இருந்தால் உள்ளே ஏதோ மூச்சு விடுகிறது என்று பொருள்: வண்டு, பூசணம், அல்லது இரண்டும். கைக்கு எட்டாத அடிக்கு ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, 10 நிமிஷம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்கலாம்.

அடிப்பக்கம் மட்டும் கட்டியாயிருந்தால் குற்றவாளி தரை. சிமென்ட் தரை மழைக்காலத்தில் வியர்க்கும். சாக்கு அதை உறிஞ்சும். மூட்டைக்கு அடியில் மரச்சட்டம் போட்டு 10 செ.மீ.யாவது உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் கட்டியென்றால் அந்தப் பக்கச் சுவரில் மழைநீர் ஊறுகிறதா என்று பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நமத்திருந்தால் வாங்கும்போதே அரிசி காயவில்லை. கார்த்திகை, மார்கழியில் வரும் புது அரிசியில் இது சகஜம். சோற்றுக்கு எவ்வளவு ருசியாக இருந்தாலும் புதுப் பொசான் அரிசியை அப்படியே மூடி வைக்கக் கூடாது.

காய்ந்ததா என்று சொல்லக் கருவி வேண்டாம், உப்பு போதும். ஒரு கரண்டி உப்பை வாணலியில் பொடபொடவென ஆகும்வரை வறுத்து ஆறவிடுங்கள். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அரிசி போட்டு, அந்த உப்பையும் போட்டு மூடி, ஒரு நிமிஷம் குலுக்கி, 15 நிமிஷம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். மூடி வைத்தால் பூசணம் நிச்சயம். உப்பு தூளாகவே அடியில் விழுந்தால் மூடலாம். உப்பை வறுக்காமல் செய்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும். ஆடி மாதத்து உப்பு தானே நீர் விட்டிருக்கும்.

பூசண வாடை அடிக்கும் அரிசியையும், மஞ்சள் அல்லது பச்சை படிந்த அரிசியையும் கழுவிச் சமைக்க வேண்டாம். பூசணம் விட்டுப்போன நஞ்சு கொதியில் அழியாது. கோழிக்குப் போடுவதும் நல்லதில்லை. வாடையில்லாமல் வெறும் நமுப்பு மட்டும்தான் என்றால் நிழலும் காற்றும் உள்ள இடத்தில் மெல்லிசாகப் பரப்பி உலர்த்துங்கள். கடும் வெயிலில் காய்ந்தால் அரிசி நொய்யாக உடையும்.

அரிசியில் வண்டு நடக்கிறது. அல்லது நூல் கட்டியிருக்கிறது

நூலாம்படை போல் அரிசி கோத்துக்கிடந்தால் அது அந்துப்பூச்சியின் புழு. கறுப்பாக, மூக்கு நீண்ட சின்ன வண்டென்றால் அது அரிசி வண்டு. வண்டு அரிசிமணியைத் துளைத்து முட்டையை உள்ளே வைத்து மூடிவிடும். நம் வெப்பத்தில் முட்டை வண்டாக வெளிவர ஒரு மாதம் போல ஆகும். அதனால்தான் புடைத்துச் சுத்தமாக எடுத்துவைத்த அரிசியில் நான்கைந்து வாரத்தில் மறுபடி வண்டு. புதிதாக எங்கிருந்தோ வந்ததில்லை, உள்ளேயே இருந்தது.

வேப்பிலை, காய்ந்த மிளகாய், வசம்பு எல்லாம் வெளி வண்டை ஓரளவு விரட்டும், மணிக்குள் இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. டப்பாவுக்குள் மெழுகுவர்த்தி கொளுத்தி மூடுவதும் வீண்: பிராணவாயு பூச்சி சாகும் அளவுக்குக் குறையும் முன்பே சுடர் அணைந்துவிடும், போகிற போக்கில் நீராவியையும் விட்டுப்போகும். கிடங்குகளில் போடும் புகைமாத்திரையை மட்டும் வீட்டுக்குள் எடுத்து வராதீர்கள். காற்றின் ஈரம் பட்டதும் அது விடும் வாயு மூடிய அறையில் ஆளையே கொல்லும்.

சரியான வழி காற்றை நிறுத்துவது. 1 லிட்டர், 1½ லிட்டர் தண்ணீர் பாட்டில்களைக் கழுவி, தலைகீழாக இரண்டு முழு நாள் வெயிலில் காயவைத்து, உப்புச் சோதனையில் தேறிய அரிசியைத் தட்டித் தட்டி வாய் வரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் கொஞ்சக் காற்றையும் வண்டுகளே மூச்சு விட்டுத் தீர்த்துக்கொண்டு சாகும். இரண்டு மூன்று வாரம் திறக்காதீர்கள். பாதி நிரப்பிய பாட்டிலில் இது நடக்காது. பெரிய நீல டிரம்மைவிடச் சின்னப் பாட்டில் மேலானதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அவசரத்தில் ஒன்றைத் திறந்தால் மற்றவற்றுக்கு ஈரம் போகாது. எலி கடிக்கும் என்பதால் பாட்டில்களைத் தகரப் பெட்டிக்குள் அடுக்குங்கள்.

ஏற்கெனவே வண்டு வந்த அரிசியில் வாடை இல்லையென்றால் புடைத்து, நன்றாகக் களைந்து முதலில் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள். கையிருப்பில் திரும்பச் சேர்க்க வேண்டாம்.

மூடிக்கு அடியில் நீர்த்துளி

வெயிலில் காய்ந்த தானியத்தைச் சூட்டோடு மூடியிருக்கிறீர்கள். இரவில் தகரம் குளிரும்போது உள்காற்றின் ஈரம் மூடியில் வியர்த்து, சொட்டி, மேல் அங்குலத்தைக் கெடுக்கும். இன்றைக்கே பார்த்துவிட்டால் மேல் அடுக்கை எடுத்துவிட்டு மீதியைப் பரப்பி ஆறவைத்து, உப்புச் சோதனை செய்து மூடுங்கள். கை வைத்தால் சூடு தெரியாத வரை எதையும் மூடக் கூடாது. மழை பெய்யும் நாளில் மாற்றிக் கொட்டும் வேலையையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பயறில் வட்டத் துளை, தோலில் வெள்ளைப் புள்ளி

வெள்ளைப் புள்ளி முட்டை. வட்டத் துளை வண்டு வெளியேறிய வாசல். முழு உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு எதிலும் வரும். அரிசி வண்டைப் போலில்லாமல் இது முட்டையை வெளித்தோலில் ஒட்டுவதால் இதற்கு எண்ணெய் வேலை செய்யும்: ஒரு கிலோ பயறுக்கு 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெய் விட்டு, எல்லா மணியும் மினுங்கும்வரை கையால் புரட்டுங்கள். துளை நிறைய வந்துவிட்ட பயறுக்கு வெயில்: அடியில் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் 2–3 செ.மீ. கனத்தில் பயறு, மேலே ஒளி புகும் ஷீட், விளிம்பெல்லாம் கல். 11 மணியிலிருந்து 3 மணி வரை அப்படியே விட்டால் உள்ளிருப்பதும் செத்துவிடும். மேல் ஷீட் இல்லாமல் காயப்போட்டால் பெரிய வண்டு நடந்து நிழலுக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

உடைத்த பருப்பில் இந்த வண்டு அவ்வளவாகப் பெருகாது. கையிருப்புக்கு உடைத்த பருப்பையே வாங்கச் சொல்வதற்கு அது ஒரு காரணம். அடுத்த அறிகுறி இன்னொரு காரணம்.

எவ்வளவு கொதித்தாலும் பருப்பு வேகவில்லை

சூட்டிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பயறு உள்ளுக்குள் கெட்டிப்பட்டுவிடும். கெட்டதில்லை, ஆனால் கரியைத் தின்னும். ஒரு டம்ளர் பயறுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்து இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான். புளிப்பு முதலில் சேர்ந்தால் சோடா போட்டும் பயனில்லை. கரண்டும் எரிவாயுவும் இல்லாத நாளுக்கு மைசூர்ப் பருப்புக்கு நிகரில்லை: ஊறவேண்டாம், சட்டென்று வெந்துவிடும். முழுக்கடலையை நம்பிக் கையிருப்பு வைப்பவர்கள் அதைக் கரி அடுப்பில் ஒருமுறை வேகவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ரவை, மாவில் கார நெடி, நிலக்கடலையில் காறல்

மாவில் செம்பழுப்பு வண்டு பெருகினால் அது விடும் கழிவால் மாவு லேசாகச் சிவந்து நெடி அடிக்கும். சலித்தும் போகாது, கொட்டுங்கள். கையிருப்பில் மாவே வேண்டாம் என்பது எங்கள் கட்சி.

நிலக்கடலை காறினால் ருசிதான் போச்சு. பச்சையோ கறுப்போ படிந்து, சுருங்கிக் கசந்தால் அது பூசண நஞ்சு, வறுத்தாலும் போகாது. கசந்த ஒரு கடலையை மென்றுவிட்டால் துப்பிவிடுங்கள், அந்தப் பொட்டலத்தையே தள்ளுங்கள். எண்ணெய் காறாமலிருக்கச் சின்னப் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி இருட்டில் வையுங்கள்.

கருவாட்டில் சிவப்பு, ஊறுகாயில் வெள்ளை

மழைக்காலத்தில் கருவாட்டின்மேல் ரோஜா நிறம் படர்வது உப்பை விரும்பி வளரும் நுண்ணுயிர். காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அந்த ஈரத்தில் இது பிடிக்கும். பிசுபிசுத்து நாறினால் மொத்தமும் குப்பைக்கு. வராமலிருக்க, பங்குனி வெயிலில் முறுகக் காய்ந்த கருவாட்டைக் காகிதத்தில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில், ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக வையுங்கள். நப்பிக்கு (மீன், இறால் விழுது) மேலே ஒரு விரல் கனம் உப்பு போட்டு அமுக்கினால் போதும், அது நம்மைவிட நாள் நிற்கும்.

ஊறுகாயில் மெல்லிய, தட்டையான வெள்ளை ஆடை என்றால் எண்ணெய் மட்டம் இறங்கிவிட்டது. ஆடையோடு மேல் அடுக்கை வழித்தெடுத்து, காய்ச்சி ஆறிய எண்ணெயை ஒரு விரல் உயரம் நிற்க ஊற்றுங்கள். பஞ்சு போலவோ, பச்சை, கறுப்பாகவோ இருந்தால் ஜாடியோடு கொட்டுங்கள். வடஇந்தியாவில் ஊறுகாய் ஜாடிக்கு மர்த்தபான் என்றே பெயர். மோலமைனுக்கு எதிர்க்கரையில் இருக்கும், மர்த்தபான் எனப்பட்ட மொத்தமா என்ற துறை கொடுத்த பெயர் அது. ஜாடியை மட்டும் மேல் தட்டில் வைக்காதீர்கள். நிலம் ஆடினால் முதலில் விழுவது அதுதான்.

தண்ணீர் பச்சையாகிறது, நாறுகிறது, கலங்கியிருக்கிறது

அடுக்குமாடியில் கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் காற்றுதான். மேல்மாடிக்காரர்கள் பேப்பரும் சாப்பாடும் தூக்கும் கயிற்றில் 20 லிட்டர் பாட்டில் ஏறாது. முன்கூட்டியே மேலே இருக்க வேண்டும்: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர், ஐந்து பேருக்கு ஒரு வாரம் 140 லிட்டர், அதாவது 20 லிட்டர் பாட்டில் ஏழு. கக்கூசுக்கும் குளிக்கவும் வேறு.

பச்சை நிறம் பாசி, வெளிச்சம் படுகிறது. இருட்டான இடத்துக்கு மாற்றுங்கள், அந்தத் தண்ணீரைப் புழக்கத்துக்குத் திருப்புங்கள். புழு நெளிந்தால் மூடி சரியில்லை, கொசு உள்ளே போயிருக்கிறது. அழுகின முட்டை நாற்றமென்றால் பாத்திரத்தின் அடியில் வண்டல். கொட்டிக் கழுவி மறுபடி பிடியுங்கள்.

கலங்கல் தண்ணீரைக் குடிக்கத்தான் வேண்டுமென்றால் வரிசை முக்கியம். படிகாரக் கட்டியை நாலு சுற்றுச் சுற்றி, வண்டல் இறங்கியதும் தெளிவை மட்டும் நாலு மடிப்புத் துணியில் வடிகட்டுங்கள். பிறகு கொதிக்கவிடுங்கள், தளதளவென்று ஒரு நிமிஷம். விறகில்லையென்றால் வாசனை சேர்க்காத, 5–6 சதவீத ப்ளீச் திரவம்: லிட்டருக்கு 2 சொட்டு, 20 லிட்டருக்கு 2 மில்லி. கலக்கி 30 நிமிஷம் விடுங்கள். மூடியைத் திறந்தால் லேசாகக் குளோரின் மணக்க வேண்டும். மணக்கவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை, இன்னொரு 15 நிமிஷம். வடிகட்டியும் தெளியாத தண்ணீருக்கு முதலிலேயே இரட்டிப்பு. ப்ளீச் சூட்டில் வலு இழக்கும். வாங்கிய தேதியை எழுதி, 6 மாதம் ஆனதும் துணி துவைக்க அனுப்பிவிட்டுப் புதியது வாங்குங்கள்.

கடல்நீர் ஏறிய கிணறும் குளமும் வேறு கதை. உப்பைக் கொதியும் போக்காது, ப்ளீச்சும் போக்காது. கொதித்தால் உப்பு இன்னும் கூடும். டெல்டாப் பக்கம் இருப்பவர்களுக்கு மழைநீர்தான் வழி, கூரையிலிருந்து வரும் முதல் நீரைத் தள்ளிவிட்டு.

கரண்ட் வந்து வந்து போகிறது, ஃப்ரிட்ஜை நம்பலாமா

திறக்காத ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி, பாதி நிறைந்தது 24 மணி தாங்கும் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்கு ஃப்ரிட்ஜ் முழுசாகக் குளிர்ந்திருந்த நிலையிலிருந்து தொடங்குகிறது. நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத வீட்டில் அது முழுசாகக் குளிர்வதே இல்லை. அதனால் நேரத்தைப் பார்க்காதீர்கள், உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். 5 டிகிரிக்கு மேல் 2 மணி நேரம் இருந்த மீன், இறைச்சி, பால், சமைத்த குழம்பு வேண்டாம். ஃப்ரீசரில் காலி இடமெல்லாம் தண்ணீர் பாட்டில் அடுக்கினால் குளிர் தங்கும், உருகினால் குடிக்கவும் ஆகும்.

வீட்டில் இல்லாதபோது ஃப்ரீசர் உருகியதா என்று தெரிய, ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு காசை வையுங்கள். திரும்பி வரும்போது காசு பனிக்கு அடியில் இருந்தால், எல்லாம் ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது. மீன் பார்க்க நன்றாக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

மிஞ்சிய சோற்றைச் சட்டியிலேயே மூடிவைத்து மறுநாள் சூடாக்குவது தவறு. வெதுவெதுப்பில் வளரும் கிருமி விடும் நஞ்சைச் சூடு அழிக்காது. கரண்ட் இல்லாத நாளில் ஒரு வேளைக்கு மட்டும் வடியுங்கள்.

கரி அடுப்பில் சமைத்தால் தலை வலிக்கிறது, குமட்டுகிறது

உடனே வெளியே போங்கள், பிறகு யோசிக்கலாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. மழைக்குப் பயந்து ஜன்னலை அடைத்துக் கரி மூட்டும் வீடுகளில்தான் இது நடக்கிறது. அடுப்பு வராந்தாவில் இருக்கட்டும். தணல் மிச்சமிருக்கும் அடுப்பைக் குளிருக்கென்று படுக்கையறைக்கு எடுத்துப்போகவே கூடாது.

டின் உப்பியிருக்கிறது, துருவேறியிருக்கிறது

உப்பிய டின், திறந்தால் சீறும் டின், மடிப்புத் தையலில் நசுங்கிய டின்: முகர்ந்துகூடப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். துடைத்தால் போகும் துரு பரவாயில்லை, நகத்தால் சுரண்டினால் குழி விழும் துரு ஆகாது. டின்பால் பழுப்பாகிக் கெட்டிப்பட்டது மட்டும்தான் என்றால் சூட்டில் இருந்திருக்கிறது. டின் உப்பாமல், வாடை மாறாமல் இருந்தால் டீக்கு ஆகும்.

வெள்ளம் கையிருப்பைத் தொட்டுவிட்டது

வெள்ளநீரில் சாக்கடையும் கக்கூசும் கலந்திருக்கும். மூட்டை, காகிதப் பொட்டலம், ரப்பர் மூடி ஜாடி, திருகு மூடிப் பாட்டில் எதுவானாலும் கழுவிக் காப்பாற்ற முடியாது. திருகு மூடியின் மரைக்குள் போன அழுக்கு திறக்கும்போது உள்ளே விழும். அரிசிப் பாட்டில்களும் இதில் அடக்கம். அதனால்தான் தகரப் பெட்டி தரையில் இல்லாமல் மேசைமேல் இருக்க வேண்டும். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் பாதிக் கையிருப்பை மாடியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வைக்கலாம்.

தப்புவது சேதமில்லாத தகர டின் மட்டும். காகித லேபிளைக் கிழித்தெடுத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, லிட்டருக்கு 4 மில்லி ப்ளீச் கலந்த தண்ணீரில் 15 நிமிஷம் மூழ்க வைத்து, காற்றில் உலரவிடுங்கள். லேபிள் போன டின்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஊறப்போடும் முன்பே மார்க்கர் பேனாவை எடுத்து, எது மத்தி, எது டின்பால், எந்தத் தேதி என்று தகரத்தின் மூடியில் எழுதிவிடுங்கள்.